முன்பணமும் மனித சுதந்திரமும்

கேள்வி: எங்கள் ஊர்ச் செங்கல் சூளையில் ஓர் இருளர் குடும்பத்தை, வாங்கிய முன்பணம் தீரும்வரை வெளியே போகக்கூடாது என்று தடுத்து வைத்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர் அதைத் தீர்ப்பது தர்மம்தானே?
(ஒரு வாசகர், திருவள்ளூர் மாவட்டம்)

பதில்: பெற்ற கடனைத் திருப்பித் தருவது தர்மம் என்பதில் ஐயமில்லை, ஆயினும், கடனின் பெயரால் ஒரு குடும்பத்தின் உழைப்பையும் நடமாட்டத்தையும் குழந்தைகளின் கல்வியையும் ஒருவர் தம் கைப்பிடிக்குள் வைத்துக்கொள்வாராயின், அதற்கு அடிமைத்தனம் என்றே பெயர். பலவந்த உழைப்பை நமது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு விலக்கியிருக்க, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமோ அத்தகைய கடனையே அடியோடு ரத்து செய்துவிட்டது. அது கொத்தடிமைக் கடன் அல்லவென்று நிரூபிக்கும் பாரமும் பணம் கொடுத்தவரையே சாரும். ஆகவே, தாங்கள் தாமதியாது மாவட்ட ஆட்சியரிடமோ வருவாய்க் கோட்டாட்சியரிடமோ எழுத்து மூலம் தெரிவியுங்கள். விசாரணைக்குப்பின் விடுதலைச் சான்றிதழைக் கையில் பெறாமல் அக்குடும்பத்தினர் ஊர் திரும்பலாகாது. மறுவாழ்வு உதவிகளுக்கு அதுவே முக்கிய ஆதாரம். அதன் பின்னரும் மனைப்பட்டா, சாதிச் சான்று, குடும்ப அட்டை ஆகியவற்றுக்காக அவர்களோடு அலுவலகப் படியேறுங்கள்; விடுதலை பெற்ற குடும்பம் ஜீவனத்துக்கு வழியின்றி மீண்டும் முன்பணத்துக்கே கைநீட்டும்படி விடுவது நம் அனைவரின் குற்றமாகும்.