காசு இல்லாத பர்ஸ்!

பிட்காயின் வாலெட்டுக்குள்ளே காசு இருக்கும்னுதானே நினைக்கிறோம்? இல்லை! யாரிடம் எவ்வளவு என்ற கணக்கு, 'பிளாக்செயின்' என்னும் பொதுப் பேரேட்டில் உள்ளது. 2009-ல் தொடங்கிய அந்தப் பேரேட்டின் நகல், உலகெங்கும் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. வாலெட்டில் இருப்பது சாவி மட்டுமே. அது ஒரு ரகசிய எண்.

போன் தொலைந்தால்? பல வாலெட்டுகள் 2048 சொற்கள் உள்ள பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைத் தரும். அவற்றை வரிசை மாறாமல் தாளில் எழுதி வைத்தால், வேறு போனில் சாவியை மீட்கலாம்.

தாளும் தொலைஞ்சா? "மறந்துட்டேன் சார்"னு போய்ச் சொல்ல இங்கே பேங்க் மேனேஜர் கிடையாது! பணம் பேரேட்டில் தெரியும், எடுக்க முடியாது.

அந்தச் சொற்களை யார் கேட்டாலும் சொல்லாதீங்க. சொன்னால் சாவியையே கொடுத்த மாதிரி!