ஆளைத் தேர்ந்தெடுப்பதில்தான் பாதிப் பயிற்சி இருக்கிறது

சிதம்பரத்திலிருந்து கிள்ளை, பிச்சாவரம் பக்கம் போனால் சுரபுன்னைக் காட்டை ஒட்டி இருளர் குடியிருப்புகள் இருக்கின்றன. செவிலியர் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, ஒரு தொண்டு நிறுவனத்துக்காக அங்கே சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். இதே வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஒன்றுதான். பயிற்சிப் புத்தகத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஆளைத் தேர்ந்தெடுக்கும் நாளில் விட்டுக்கொடுத்துவிட்டால், பிறகு எவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்தும் பயனில்லை.

பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும் என்று எங்கள் திட்ட அலுவலகம் விதி போட்டது. கூட்டத்திலேயே எதிர்த்தேன். அந்தக் குடியிருப்பில் அப்போது பத்தாவது தேறிய பெண் ஒருத்திகூட இல்லை. "பதிவேடு எழுதத் தெரியாதவரை வைத்துக்கொண்டு நான் மேலே என்ன கணக்குக் கொடுப்பேன்?" என்றார் அலுவலர். ஊர்த்தெருவிலிருந்து வேறு சமூகத்துப் பெண்ணை எடுத்தார்கள். கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஆனால் வாசலில் நின்றே பேர் கேட்பாள். உட்காரமாட்டாள், ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டாள். அவள் வளர்ந்த தெரு அப்படி. அவளைப் பார்த்ததும் இருளர் பெண்கள், "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

ஒரு மாதம் அவள் எழுதிய பதிவேட்டில் கர்ப்பிணிகள் 'இல்லை' என்று இருந்தது. உண்மையில் ஒரு பெண்ணுக்கு ஏழாவது மாதம். பொங்கல் முடிந்ததும் புருஷனோடு செங்கல் சூளைக்குப் போய்விட்டாள். சூளையில் முன்பணம் ஜோடிக்குத்தான். பெண்டாட்டி மாசமாக இருக்கிறாள் என்று மேஸ்திரிக்குத் தெரிந்தால் பணம் குறையும். அதனால்தான் மறைத்தாள். குடியிருப்பில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும், எங்கள் பதிவேட்டுக்கு மட்டும் தெரியாது. சூளையிலேயே பிரசவம். குழந்தை தங்கவில்லை. சேதி எங்களுக்கு வந்தபோது, அலுவலகத்தில் அந்த மாத அறிக்கைக்குப் பாராட்டு வந்திருந்தது. இன்றைக்கும் எனக்கு அது ஆறவில்லை.

"விதி அப்படி" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் ஆஷா எனப்படும் கிராம சுகாதாரப் பணியாளர்களைக் கொண்டுவந்தபோது எட்டாம் வகுப்புதான் கேட்டது. தகுந்த ஆள் கிடைக்காத இடத்தில் அதையும் தளர்த்தலாம் என்று அந்த வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் மருத்துவர்கள் அபய் பங்கும் ராணி பங்கும் கிராமத்துப் பெண்களுக்கே பச்சிளங்குழந்தை பராமரிப்பைக் கற்றுக்கொடுத்து, பச்சிளங்குழந்தைச் சாவைப் பாதிக்கும் மேல் குறைத்தார்கள். 1999இல் லான்செட் மருத்துவ இதழ் அதை வெளியிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், நம் நீலகிரியின் கூடலூரில் ஆதிவாசிகளே சுகாதாரப் பணியாளர்களாக இருந்து, தங்களுக்கென்று ஒரு மருத்துவமனையையே கட்டி எழுப்பியிருக்கிறார்கள்.

இரண்டாம் முறை ஆள் எடுக்கும்போது நான் பிடிவாதம் பிடித்தேன். குடியிருப்புப் பெண்களையே கேட்டேன். எல்லாரும் ஒரே ஆளைத்தான் காட்டினார்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். பரி என்ற கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர். யாருக்குப் பிரசவ வலி என்றாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அவருக்கு நிமோனியாவைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுத்தது மணிச்சரத்தை வைத்துத்தான். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை உள்ள குழந்தை நிமிடத்துக்கு 50 முறை மூச்சு விட்டாலே ஆபத்து. ஒரு வயதுக்கு மேல் ஐந்து வயதுவரை 40. நீலச்சரத்தில் 50 மணி, சிவப்புச்சரத்தில் 40. கைபேசியில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு, குழந்தையின் சட்டையைத் தூக்கி, வயிறு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மணி தள்ளவேண்டும். நிமிடம் முடிவதற்குள் சரம் தீர்ந்தால் 108ஐக் கூப்பிட வேண்டும். சேற்றுக்குள் கண்ணால் பார்க்காமலே இறாலைப் பிடிக்கிற விரல்கள் அவை; ஒரு மணிகூடத் தப்பாது. குழந்தையின் புஜத்தை அளக்கும் நாடாவில் சிவப்பு, மஞ்சள், பச்சை இருக்கிறது. அதற்கும் எழுத்து வேண்டாம். பதிவேட்டை ஏழாவது படிக்கும் அவர் மகன் எழுதினான். மற்ற பாடமெல்லாம் வழக்கமானவைதான், அவற்றை விட்டுவிடுகிறேன்.

வகுப்பைக் காலை பத்து மணிக்கு வைக்காதீர்கள். தண்ணீர் வற்றுகிற நேரம்தான் இறால் பிடிப்பவர்களுக்கு வேலை நேரம், அது நாளுக்கு நாள் மாறும். முந்தின நாளே கேட்டுக்கொண்டு போங்கள். கடலூரிலிருந்து காரில் வரும் அதிகாரிக்கு அது இடைஞ்சலாக இருந்தால் இருக்கட்டும்.

பயிற்சி முடிந்ததும் பையைக் கொடுத்து அனுப்பிவிடுவது பெரும் அநியாயம். ஒரு மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு ஆள் அழைத்துப்போன எங்கள் பணியாளரை, "நீ யாரு, வெளியே நில்லு" என்று விரட்டினார்கள். அதன்பிறகு நான் கூடவே போனேன். சீட்டு எழுதும் இடம், ரத்தப் பரிசோதனை, பிரசவ வார்டு என்று ஒவ்வொரு இடத்திலும், "இவங்க எங்க சுகாதாரப் பணியாளர்" என்று பேர் சொல்லி அறிமுகப்படுத்தினேன். நீங்களும் ஓரிரு முறையோடு நிறுத்தாமல் கூடப் போங்கள்.

பணத்தை அன்றன்றே கொடுத்துவிடுங்கள். ஆஷாவுக்குப்போல வேலைக்கேற்ற ஊக்கத்தொகை மட்டும் போதாது. சின்னக் குடியிருப்பில் வருடத்துக்கு எத்தனை பிரசவம் வந்துவிடும்? ஆஸ்பத்திரிக்குத் துணைபோகும் ஒவ்வொரு நாளும் இவருக்கு ஒருநாள் பிழைப்புப் போகிறது. சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்கு பற்றி அவர் கேட்டால், அது நம் துறை இல்லை என்று சொல்லாதீர்கள். காகிதம் இல்லாத வீட்டுக்கு அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி எளிதில் வந்து சேராது. அதை வாங்கிக்கொடுத்த பிறகுதான் குடியிருப்பு அவரை முழுக்க நம்பியது.

நாளைக்கு உங்களையும் தேர்வுக் கூட்டத்துக்குக் கூப்பிடுவார்கள். குடியிருப்புப் பெண்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். யார் வேண்டும் என்று அவர்கள் சொல்லட்டும். அலுவலகம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் அந்தப் பயிற்சியைத் தொடங்காதீர்கள்.