பண்ணைக் குடும்பத்தின் பழைய காகிதங்கள்

கேள்வி: அமெரிக்காவின் மத்திய மேற்கு மாநிலங்களில் 19ஆம் நூற்றாண்டில் விவசாயம் செய்து வாழ்ந்த ஒரு மூதாதையரைப் பற்றி வீட்டில் மிஞ்சியிருப்பவை ஒரு பைபிள், சில புகைப்படங்கள், ஒரு கட்டுக் கடிதங்கள் மட்டுமே. தேடலை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: கையில் இருக்கும் காகிதங்களிலிருந்தே. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்பதோடு, யார், எப்போது எழுதினார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பண்ணைக் குடும்பங்களில் பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை பைபிளில் அதற்கென்றே விடப்பட்ட பக்கங்களில் குறித்துவைப்பது வழக்கம். முதலில் அந்தப் பைபிள் அச்சான ஆண்டைப் பார்க்க வேண்டும். 1872இல் அச்சான பைபிளில் 1841இல் நடந்த பிறப்பு இருந்தால், அது நினைவிலிருந்தோ வேறு தாளைப் பார்த்தோ பின்னாளில் எழுதியது. எட்டுக் குழந்தைகளின் பிறந்தநாளும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில் இருந்தால் எல்லாம் ஒரே மூச்சில் எழுதியவை. மை மாறி, எழுத்தும் ஆண்டுக்காண்டு தளர்ந்து வந்தால், அவ்வப்போது குறித்தவை. அவற்றை அதிகம் நம்பலாம்.

புகைப்பட அட்டையில் ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அச்சிடப்பட்டிருக்கும். பின்புறம் வரி ஸ்டாம்பு ஒட்டியிருந்தால், அந்தப் படம் 1864 செப்டம்பருக்கும் 1866 ஆகஸ்டுக்கும் இடையில் விற்கப்பட்டது. புகைப்படங்களுக்கு அந்த வரி இருந்த காலம் அவ்வளவுதான். கடித உறையின் தபால் முத்திரை ஊரைச் சொல்லும். ஊர் தெரிந்தால், மாநிலத்தின் உட்பிரிவான கவுண்டி தெரியும். நிலப் பத்திரம், திருமணப் பதிவு, உயில் எல்லாம் கவுண்டி நீதிமன்ற வளாகத்தில்தான் இருக்கும். மக்கள் குடியேறக் குடியேற கவுண்டிகள் பிரிக்கப்பட்டன. அதனால் குடும்பம் இடம் மாறாமலே இருந்தாலும், பழைய பதிவுகள் பக்கத்துக் கவுண்டியில் இருக்கக்கூடும்.

கேள்வி: மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் என்னென்ன கிடைக்கும்?

பதில்: கூட்டாட்சி அரசு 1790 முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறது. 1840 வரை குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே எழுதப்பட்டது. மற்றவர்கள் வயது வாரியான எண்ணிக்கைதான். அடிமைகள் தவிர்த்த எல்லோருடைய பெயரும் 1850 முதல் வருகிறது. ஆனால் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்ற விவரம் 1880இல்தான் சேர்ந்தது. ஆகவே 1860 பட்டியலில் விவசாயியின் பெயருக்கு அடுத்து ஒரு பெண்ணின் பெயர் இருப்பதால் மட்டும் அவரை மனைவி என்று முடிவுகட்டக் கூடாது; தங்கையாகவும் இருக்கலாம். 1900ஆம் ஆண்டுப் பட்டியல் மிக விரிவானது. பிறந்த மாதமும் ஆண்டும், மணமாகி எத்தனை ஆண்டு, பெற்ற குழந்தைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர் எத்தனை, அமெரிக்கா வந்த ஆண்டு, பண்ணை சொந்தமா குத்தகையா, அடமானத்தில் உள்ளதா என்பது வரை அதில் உண்டு.

1890ஆம் ஆண்டுப் பட்டியல்களில் பெரும்பகுதி, 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தையடுத்து அழிந்துபோனது. அந்த இடைவெளியை மாநிலக் கணக்கெடுப்புகள் ஓரளவு நிரப்புகின்றன. அயோவா, கான்சஸ், மின்னசோட்டா மாநிலங்கள் 1885இலும் 1895இலும் தாமே கணக்கெடுத்தன. தனிநபர் விவரங்கள் 72 ஆண்டுகள் கழித்தே வெளியிடப்படுகின்றன. 1950 பட்டியல் 2022 ஏப்ரலில் வெளிவந்தது.

பலர் கவனிக்காமல் விடுவது 1850 முதல் 1880 வரை தனியாக எடுக்கப்பட்ட விவசாயப் பட்டியல். உழுத ஏக்கர், தரிசு ஏக்கர், பண்ணையின் மதிப்பு, குதிரை, கறவை மாடு, பன்றி, எத்தனை புஷல் மக்காச்சோளம், கோதுமை, எத்தனை பவுண்டு வெண்ணெய் என்று ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு வரி இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பட்டியல்களை ஒப்பிட்டால் குடும்பம் முன்னேறியதா நொடித்ததா என்பது தெரிந்துவிடும்.

கேள்வி: நிலம் எப்படி வந்தது என்பதை அறிய முடியுமா? ஒரே பெயரில் இரண்டு பேர் இருந்தால் எப்படிப் பிரித்தறிவது?

பதில்: இரண்டுக்கும் நிலப் பதிவே வழி. இந்தப் பகுதியின் பெரும்பகுதி, 1785ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த முறைப்படி சதுரம் சதுரமாக அளக்கப்பட்டது. ஆறு மைல் சதுரம் ஒரு டவுன்ஷிப். அதில் 36 செக்‌ஷன்கள். ஒரு செக்‌ஷன் 640 ஏக்கர். அதில் கால் பங்கு 160 ஏக்கர். ஒரு பண்ணையின் முகவரி ‘செக்‌ஷன் 14, வடமேற்குக் கால் பங்கு’ என்பதுபோல் இருக்கும். ஒரே கவுண்டியில் ஒரே பெயரில் இருவர் இருந்தாலும் ஒரே கால் பங்கு இருவருக்கும் சொந்தமாக இருப்பது அரிது. நிலத்தின் எண்ணையும், கணக்கெடுப்பில் முன்னும் பின்னும் வரும் பக்கத்துப் பண்ணைக்காரர்களையும் சேர்த்துப் பார்த்தால் எவர் எவரென்று பிரித்துவிடலாம்.

ஒஹாயோ, இந்தியானா, இல்லினாய் மாநிலங்களில் அரசு நிலம் பெரும்பாலும் விலைக்கு விற்கப்பட்டது. 1820க்குப் பிறகு குறைந்தபட்ச விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். நெப்ராஸ்கா, கான்சஸ், டகோட்டா பக்கம் பல குடும்பங்களுக்கு நிலம் 1862ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டத்தின் வழியே வந்தது. 160 ஏக்கரில் ஐந்து ஆண்டு குடியிருந்து பயிர் செய்தால் கட்டணம் மட்டும் செலுத்திப் பட்டா பெறலாம். பட்டாவின் நகலை நில நிர்வாக அலுவலகத்தின் இணையதளத்திலேயே பார்க்கலாம். ஆனால் அதில் பெயர், நில எண், தேதிக்கு மேல் அதிகம் இருக்காது.

விஷயம் எல்லாம் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள விண்ணப்பக் கோப்பில் இருக்கிறது. வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி, மரத்தால் கட்டியதா, புல்வேரோடு வெட்டியெடுத்த மண்கட்டிகளால் கட்டியதா, கிணறும் தொழுவமும் உண்டா, எத்தனை ஏக்கர் உழப்பட்டது, எந்த மாதம் குடிவந்தார்கள் என்று விண்ணப்பதாரர் பதில் சொல்லியிருப்பார். அக்கம்பக்கத்தார் இருவர் சாட்சி சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டிலிருந்து வந்தவரானால் குடியுரிமைத் தாளின் நகலும் இருக்கும்.

கேள்வி: பெண்களின் தடம் திருமணத்தோடு மறைந்துவிடுகிறதே?

பதில்: திருமணத்துக்குப் பின் கணவரின் குடும்பப் பெயரிலேயே பதிவாவதால் அப்படித் தோன்றுகிறது. பிறந்த வீட்டுப் பெயர் கவுண்டி திருமணப் பதிவிலும் பிள்ளைகளின் இறப்புச் சான்றிதழிலும் கிடைக்கலாம். அயோவாவின் 1925ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஒவ்வொருவரின் தாயாருக்கும் பிறந்த வீட்டுப் பெயரைக் கேட்டது. மணமாகாத பெண்களும் கைம்பெண்களும் ஹோம்ஸ்டெட் நிலத்துக்குத் தாமே விண்ணப்பிக்க முடிந்ததால், அந்தக் கோப்புகளில் அவர்களின் சொந்த வாக்குமூலமே இருக்கும்.

உள்நாட்டுப் போரில் வடக்குப் படையில் இருந்தவரின் மனைவி, கணவர் இறந்தபின் ஓய்வூதியம் கேட்டிருந்தால் அந்தக் கோப்பு இன்னும் வளமானது. திருமணத்தையும் குழந்தைகளின் பிறப்பையும் அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதனால் அண்டை வீட்டாரின் வாக்குமூலம், பிரசவம் பார்த்தவரின் சாட்சியம், சில சமயம் பைபிளிலிருந்து கிழித்து அனுப்பிய பக்கமே கூட உள்ளே இருக்கும். வீட்டுப் பைபிளில் அந்தப் பக்கம் காணாமல்போயிருந்தால் இங்கும் தேடிப் பார்க்கலாம்.

கேள்வி: ஒரே மனிதருக்கு மூன்று ஆவணங்களில் மூன்று பிறந்த தேதி இருந்தால் எதை ஏற்பது?

பதில்: எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யக் கூடாது. மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்திருக்கலாம். பிறப்பு, இறப்புகளின் அரசுப் பதிவு தாமதமாகவே தொடங்கியது. மிஷிகனில் 1867, அயோவாவில் 1880, கான்சஸில் 1911. இறப்புச் சான்றிதழில் இறந்த நாளை நம்பலாம். பிறந்த நாளும் பெற்றோர் பெயரும் துக்கத்தில் இருக்கும் மகனோ மருமகளோ சொன்னவை. அதே மகன் கல்லறைக் கல்லில் பொறித்த தேதி இரண்டாவது சாட்சி ஆகாது. 1917-18இல் ஏறத்தாழ 2.4 கோடி ஆண்கள் ராணுவத்துக்குப் பெயர் பதிந்தார்கள். அந்தப் பதிவு அட்டையில் பிறந்த தேதியை அவரவரே சொன்னார்கள். ஆனாலும் அது பெற்றோர் சொல்லக் கேட்டதுதான். பிறந்த சில நாட்களில் எழுதப்பட்ட ஞானஸ்நானப் பதிவு கிடைத்தால் அதற்கே முதலிடம்.

கேள்வி: கடல் கடந்து வந்தவரானால் சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி?

பதில்: 1906க்கு முந்தைய குடியுரிமைத் தாள்களில் பெரும்பாலும் ‘நார்வே’, ‘பிரஷ்யா’ என்று நாட்டின் பெயர் மட்டுமே இருக்கும். ஊரின் பெயர் குடியேறியவர் சேர்ந்த தேவாலயத்தின் பதிவேட்டிலோ, கல்லறையிலோ, இரங்கல் செய்தியிலோ வரும். நியூயார்க் துறைமுகத்தில் இருந்த எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தின் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்ற குடும்பக் கதையை நம்பித் தேடினால் வழி தவறும். எல்லிஸ் தீவு திறந்ததே 1892இல். இந்த விவசாயிகளில் பலர் அதற்கு முன்பே நியூயார்க்கின் பழைய நிலையமான கேஸில் கார்டன் வழியாகவோ கனடாவின் கியூபெக் வழியாகவோ வந்துவிட்டார்கள். பயணிகள் பட்டியலை எழுதியது கப்பல் நிறுவனம். பெயர் மாறியது பெரும்பாலும் குடியேறிய பிறகு, அவரவர் வசதிக்கு. நார்வேக்காரர் ஒருவர் தந்தை பெயரை ஒட்டிய பெயரோடு வந்து, இங்கே பழைய பண்ணையின் பெயரைக் குடும்பப் பெயராக வைத்துக்கொண்டது சாதாரணம். அந்தப் பண்ணைப் பெயரே ஊருக்கு வழிகாட்டும். நார்வே, ஸ்வீடன் தேவாலயப் பதிவேடுகளில் ஊரை விட்டுப் போனவர்களின் பட்டியலும் உண்டு. பிறந்த தேதி, பெற்றோர் பெயர், புறப்பட்ட ஆண்டு மூன்றும் அமெரிக்கப் பதிவுகளோடு ஒத்துப்போனால் ஆள் அவரே என்று உறுதி செய்யலாம். பெயர் மட்டும் ஒத்துப்போனால் போதாது.