பொன் துகளை லேசரால் உருக்க: கொடைக்கானலிலிருந்து ஒரு செய்முறை

கொடைக்கானலில் தண்ணீர் 100 டிகிரிவரை காத்திருப்பதில்லை. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது இங்குள்ள வீடுகளுக்குத் தெரிந்ததுதான். தங்க நானோ துகள் செய்பவரும் அந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும்.

அட்டுவம்பட்டியில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. திட்டப்பணி செய்யும் மாணவி ஒருவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். துகளை மலையிலேயே செய்துவிடலாம். ஃபெம்டோ நொடி லேசருக்குக் கீழே இறங்க வேண்டும். சென்னை தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் அதிவேக நிகழ்வுகளுக்கான தேசிய மையம் போன்ற ஆய்வகத்தில் வழிகாட்டி மூலம் முன்கூட்டியே நேரம் கேட்டு வாங்குங்கள்.

முதலில் கண்ணாடிக் குடுவைகளை ராஜ திராவகத்தால் கழுவுங்கள். புகைக்கூண்டுக்குள் மட்டும், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். மிஞ்சிய திராவகத்தை மூடியிட்டு வைக்காதீர்கள், வாயு சேர்ந்து புட்டி வெடிக்கும். குளோரோ ஆரிக் அமிலத்தை எஃகுக் கரண்டியால் தொடாதீர்கள், பிளாஸ்டிக் கரண்டிதான். 0.01 சதவீதக் கரைசல் 50 மில்லி எடுத்து, குளிர்விப்பானைப் பொருத்திக் கொதிக்கவிட்டுக் கலக்கிக்கொண்டே 1 சதவீத சோடியம் சிட்ரேட் கரைசல் 1 மில்லியை ஒரே வீச்சில் ஊற்றுங்கள். வெளிர் மஞ்சள் மறையும், சாம்பல் கலந்த நீலக் கருமை வரும், பிறகு ஒயின் சிவப்பு. 93 டிகிரியில் இது நிதானமாகவே நடக்கும். கடிகாரத்தைப் பார்த்து அடுப்பை அணைக்காமல், சிவப்பு மாறாமல் நின்றபின் இன்னும் கால் மணி நேரம் விடுங்கள். இந்த அளவுக்கு 1973-ல் ஆய்வாளர் ஃப்ரென்ஸ் கண்ட துகள் சுமார் 16 நானோமீட்டர். உங்களுடையது எவ்வளவு என்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கிதான் சொல்ல வேண்டும்.

பலரும் தடுமாறுவது அடுத்த முடிவில்தான்: லேசருக்கு எந்த வடிவத் துகளைக் கொடுப்பது? உருண்டைத் துகள் உருகி மறுபடி உறைந்தால் உருண்டையாகவே உறையும். நிறம் பெரிதாக மாறாது, உருகியதே தெரியாது. உடைவதைப் பார்க்க உருண்டை போதும். உருகுவதைப் பார்க்க நானோ கம்பிகள் வேண்டும். கம்பி செய்ய சிடேப் என்ற சோப்பு வகைப் பொருள் தேவை. அது 25 டிகிரிக்குக் கீழே வெள்ளை இழைகளாகப் படிந்துவிடும், கொடைக்கானல் அறை வெப்பத்தில் கட்டாயம் படியும். ஆகவே 28, 30 டிகிரி வெந்நீர்த் தொட்டிக்குள் வைத்தே வளர்க்க வேண்டும். பயணத்தில் படிந்தால் பதற வேண்டாம், மெதுவாகச் சூடாக்கினால் கரையும். சிட்ரேட் கரைசல் உறைந்துபோனால் மட்டும் மீட்பில்லை; துகள்கள் ஒட்டிக்கொண்டு நீலமாகிவிடும். ஜனவரி உறைபனி இரவில் வராந்தாவில் வைக்காதீர்கள், பஸ்ஸில் ஐஸ் பெட்டியிலும் வைக்காதீர்கள்.

லேசர் அறையில் நுழையும் முன் வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றுங்கள். பளபளக்கும் உலோகத்தில் பட்டுத் திரும்பும் கற்றை எங்கு போகும் என்று சொல்ல முடியாது. 800 நானோமீட்டர் ஒளி கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியவே தெரியாது. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி அணியுங்கள். வேறு லேசருக்கு வாங்கியது உதவாது.

உருண்டைத் துகள் 800-ஐ அதிகம் விழுங்காது, 400 நானோமீட்டருக்கு மாற்றிய கற்றையைக் கேளுங்கள். ஒளி உறிஞ்சலின் நீள அச்சு உச்சம் 800 பக்கம் இருக்கும்படி வளர்த்த கம்பிக்கு 800 பொருந்தும். குவார்ட்ஸ் குவெட்டில் கரைசலை ஊற்றிச் சிறு காந்தக் கலக்கியைச் சுழலவிடுங்கள். கற்றையைத் தண்ணீருக்குள் கூர்மையாகக் குவிக்காதீர்கள்: வெள்ளொளி கிளம்பினால் துகளுக்கு முன் தண்ணீரே ஆற்றலைத் தின்கிறது என்று அர்த்தம். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிஜூலுக்கும் கீழிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள். லேசர் படாத மாதிரி ஒன்று அதே மேசையில் இருக்கட்டும்.

என்ன நடக்கிறது? 100 ஃபெம்டோ நொடித் துடிப்பிலிருந்து துகள் விழுங்கும் ஆற்றலை முதலில் எலக்ட்ரான்கள் வாங்கிக்கொள்கின்றன. சில பிக்கோ நொடிகளில் அணுக்களுக்கு அது கைமாறுகிறது. தண்ணீருக்குப் போவது அதற்கும் பிறகு. அணுக்கள் சூடாவதற்குள் துடிப்பு முடிந்துவிடுவதால் மேலும் விழுங்க ஒளி இல்லை. நானோ நொடித் துடிப்பிலோ சூடான துகள் மேலும் மேலும் ஒளியை வாங்குகிறது. அதனால்தான் மிதமான ஆற்றலில் ஃபெம்டோ துடிப்பு கம்பிகளை உருண்டைகளாக உருக்கியது, நானோ துடிப்பு துண்டாக்கியது என்று ஸ்டீஃபன் லிங்க், எல்-சையத் குழு 2000-ல் கண்டது. எதிர்பார்ப்புக்கு நேர்மாறான முடிவு, எனக்கு இத்துறையில் மிகப் பிடித்ததும் இதுதான். ஆற்றலைக் கூட்டினால் ஃபெம்டோ துடிப்பும் உடைக்கும்: எலக்ட்ரான்கள் வெளியேறி, மிஞ்சிய நேர்மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளித் துகளைச் சிதறடிக்கும்.

யூவி-விசிபிள் வரைபடத்தில் கம்பியின் நீள அச்சு உச்சம் சரிந்து 520 பக்கம் உயர்ந்தால் உருகியது. உருண்டைகளின் 520 உச்சம் தணிந்து அகன்றால் உடைந்தது. 600-க்கு மேல் புது மேடு எழுந்தால் துகள்கள் ஒட்டிக்கொண்டன. அதை லேசரின் விளைவாக அறிக்கையில் எழுதிவிடாதீர்கள், முதலில் லேசர் படாத மாதிரியிலும் அந்த மேடு இருக்கிறதா என்று பாருங்கள்.

மலைக்குத் திரும்பியதும் மிச்சக் கரைசலைத் தொட்டியில் கொட்டாதீர்கள். பாதரசக் கழிவுப் புகாரில் 2001-ல் ஒரு தொழிற்சாலையே மூடப்பட்ட ஊர் இது. சிட்ரேட் கரைசலும் சிடேப் கலந்த கரைசலும் தனித்தனிக் கழிவுப் புட்டியில், தேதியிட்ட சீட்டோடு. குடுவை கழுவிய முதல் நீரும் அதில்தான்.