கல்குவாரிக்குள் கால் வைக்கும் முன்

குன்றத்தூரை அடுத்த சிக்கராயபுரத்தில் கைவிடப்பட்ட குவாரிகளின் தண்ணீரைச் சுத்திகரித்து 2017 வறட்சியில் சென்னைக்கு அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் பலருக்கு அந்த ஊர்ப் பெயரே தெரியும். இப்படிப்பட்ட குவாரிகளில் பாறை பார்க்கவோ படம் எடுக்கவோ ஆசையா?

முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். அரசின் இணையதளத்தில் அ-பதிவேட்டைப் பார்த்தால் பட்டா நிலமா, புறம்போக்கா என்று தெரிந்துவிடும். புறம்போக்கு என்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் தொடங்குங்கள். குவாரி ஓடிக்கொண்டிருந்தால் நில உரிமையாளரின் சம்மதம் மட்டும் போதாது. வெடி வைக்கும் நேரம் குத்தகைதாரருக்குத்தான் தெரியும். காவலாளி கையில் நூறு ரூபாய் திணிப்பது அனுமதி ஆகாது.

பட்டாதாரரைப் பார்க்கக் கூட்டமாகப் போகாதீர்கள், ஒருவரோ இருவரோ போதும். அவருடைய பயம் நியாயமானது: யாராவது தவறி விழுந்தால் போலீஸ் முதலில் தட்டுவது அவர் கதவைத்தான். எத்தனை பேர், எந்த நாள், எத்தனை மணிக்குத் திரும்புவோம், தண்ணீரில் இறங்க மாட்டோம் என்று கடிதமாகவே கொடுத்து, அதன் நகலில் அவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு சூடுபிடிக்க ஒரு தகவல்: பல்லாவரம் பக்கத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கொல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல்லும் இதே வகைதான்; பாறையின் பெயரே அவர் பெயரிலிருந்து வந்தது. தன் நிலத்துக் கல்லுக்கு இப்படியொரு பெருமையா என்று கேட்டவர், டீ சொல்லாமல் அனுப்ப மாட்டார்!

மழைக்காலத்தில் மட்டும் கேட்கவே வேண்டாம். விளிம்பு சரியும்.