தோல் பதனிடுவோரும் குரோமியச் சோதனையும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வீற்றிருந்த இடத்தைப் பெரிதும் குரோமிய உப்பு கைக்கொண்டமை நம் வாசகர் அறிந்ததே. இவ்வுலோகம் தொழிலாளியின் உடலுட் புகுந்ததா என வைத்தியர் வினவுவது இயல்பு. ஆயின், "குரோமியம் பார்க்க" எனச் சீட்டெழுதி அனுப்பினமாத்திரத்தில் விடை கிட்டிவிடும் என்றெண்ணுதல் தகாது.

பதனிடும் டிரம்மில் இடும் உப்பு மூன்று இணைதிறனுடையது, தீங்கு குறைந்தது. ஆறு இணைதிறனுடைய குரோமேட்டோ நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமாவது. இராணிப்பேட்டையில் 1990-களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற கழிவுக் குவியலில் நாம் அஞ்சுவது இதனையே. உடலுட் சென்ற குரோமேட், மூன்று இணைதிறனுடையதாக மாறியே சிறுநீரில் வெளிப்படும். ஆதலின் சிறுநீரை அளந்து பெறும் எண், புகுந்தது எதுவென்று கூறாது. செவ்வணுக்களோ கூறும். குரோமேட் அவற்றினுள் ஊடுருவி, அங்கேயே மாறிச் சிறைப்படுகின்றது. அணு வாழும் ஏறக்குறைய 120 நாளும் அச்சான்று நிற்கும்.

சிறுநீர் அண்மைக்காலத்துச் செய்தியையே சொல்லும். வார ஓய்வு கழித்து, வேலைக்குமுன் எடுத்த மாதிரியில் எண் தாழ்ந்திருப்பின் அஃது ஓய்வின் பயனாகவும் இருக்கலாம். அதுகண்டு "ஒன்றுமில்லை" என அனுப்பப்பட்டவன் மறுநாளும் அதே தூசியைச் சுவாசிப்பான். வாரத்தின் கடைசி நாள், வேலை முடிவில், கை கழுவி உடை மாற்றியபின் எடுப்பதே முறை. உடையில் ஒட்டிய தூசி கலத்தில் விழுந்து எண்ணை உயர்த்தினால் அவன் கூலியே போய்விடவுங் கூடும். இரத்தம் எடுக்கும் எஃகு ஊசியிலும் குரோமியம் உண்டு. நோயாளியைவிட ஊசியே குற்றவாளியாவதும் உண்டு! எனவே முதலில் வரும் சிறிது இரத்தத்தை வேறு சோதனைக்கு ஒதுக்குவர்.

கையிற் சொறியும் வெடிப்புமாய் வருபவனுக்கோ இவ்விரண்டும் பெரும்பாலும் வேண்டா. பொட்டாசியம் டைகுரோமேட்டை நூற்றுக்கு அரைப்பங்கு வாசலினிற் கலந்து முதுகில் ஒட்டி, இரண்டு நாளில் எடுத்துப் பார்த்து, பின்னும் ஓரிரு நாள் கழித்துப் பார்த்தால் ஒவ்வாமை தெரிந்துவிடும்.

மாதிரியை அளப்பவர் நோயாளியைக் காணார். அவன் செய்யும் வேலை, மாதிரி எடுத்த நாள், நேரம் ஆகியன சீட்டில் இருந்தாலன்றி அவர் எண்ணைத் தரலாமேயன்றிப் பொருளைத் தரலாகாது. பரிசோதனைச்சாலைகளிற் பணி ஏற்கும் நம் இரசாயன மாணவர், குறிப்பில்லாச் சீட்டு வரின் வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கக் கூசவேண்டா. அக்கேள்வியை நல்ல வைத்தியர் வரவேற்பர் என்பதே எம் எண்ணம். கேட்கும்போதே கிரியாட்டினின் அளவும் வேண்டுமா என வினவுக. நீர் மிகப் பருகியவனது சிறுநீர் நீர்த்திருக்குமாதலின், அவ்வளவின்றி இருவர் எண்களை ஒப்பிடுதல் இயலாது.