தரம் 11 புவியியல்: மீள்புதுப்பிக்கத்தக்க சக்தியும் உயிரினப் பாதுகாப்பும்



"மீள்புதுப்பிக்கத்தக்க சக்தி வளங்கள் சூழலுக்குத் தீங்கு விளைவிக்காதவை." விடைத்தாள் திருத்தும்போது இந்த ஒரு வசனத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. முற்றிலும் பிழையென்று வெட்டவும் முடியாது, முழுப் புள்ளி வழங்கவும் முடியாது. நிலக்கரியோடு ஒப்பிட்டால் இவற்றின் தீங்கு குறைவு என்பதே சரி. எங்கே குறைவு, எங்கே குறைவில்லை, யாருக்குக் குறைவில்லை என்று பிரித்து எழுதுபவரே உயர்ந்த புள்ளியைப் பெறுவார். இப்பாடத்தில் அதைத்தான் பழகப் போகிறோம். உதாரணத்துக்கு வெளிநாட்டுக்குப் போகத் தேவையில்லை. பூண்டுலோயாவில் இருக்கும் உங்களுக்கு முதல் உதாரணம் உங்கள் ஆற்றிலேயே இருக்கின்றது.

இலங்கையின் நீர்மின்சக்தி வரலாறே மலையகத்தின் வரலாறுதான். 1918இல் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, மத்திய மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்று ஆய்வுக் கட்டுரை மூலம் எடுத்துக்காட்டினார். அது நிறைவேற 1950 வரை, அதாவது லக்சபான மின்நிலையம் இயங்கத் தொடங்கும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் மகாவலித் திட்டத்தின் கீழ் 1985இல் 201 மெகாவாற்று கொள்ளளவுடைய கொத்மலை நிலையம் வந்தது. அதற்கு மேலே, அதே கொத்மலை ஓயாவில், 2012இல் இயங்கத் தொடங்கியதே மேல் கொத்மலை. இதன் கொள்ளளவு 150 மெகாவாற்று.

மேல் கொத்மலையின் அமைப்பைக் கவனியுங்கள். தலவாக்கலையில் ஏறத்தாழ 35 மீற்றர் உயரமான அணை. அங்கிருந்து ஏறத்தாழ 13 கிலோமீற்றர் நீளமான சுரங்கம். நம் பூண்டுலோயாப் பக்கத்திலுள்ள நியம்கம்தொரவில் நிலத்துக்கு அடியில் மின்நிலையம். கீழேயுள்ள கொத்மலை நீர்த்தேக்கம் 17 கோடி கன மீற்றருக்கு மேல் நீரைத் தேக்கக்கூடியது. தலவாக்கலை அணையின் பின்னாலுள்ள குளமோ 8 இலட்சம் கன மீற்றர் மட்டுமே. எனவே இதனை 'ஓடும் நீர்' வகைத் திட்டம் என்று குறிப்பிட வேண்டும். பெரிய நீர்த்தேக்கமும் இல்லை, பரந்த காடு மூழ்கவும் இல்லை. இது இத்திட்டத்தின் நன்மை. ஆனால் ஆற்று நீர் சுரங்கத்துக்குள் போனால் ஆற்றுப் படுக்கையில் என்ன ஓடும்? பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

அணைக்கும் மின்நிலையத்துக்கும் இடைப்பட்ட ஆற்றில் சென்கிளேயர் நீர்வீழ்ச்சி இருக்கின்றது. 1990களில் மத்திய சுற்றாடல் அதிகாரசபை இத்திட்டத்துக்கு முதலில் அனுமதி மறுத்தது. மேன்முறையீட்டின் பின்னரே நிபந்தனைகளுடன் அனுமதி கிடைத்தது. சூழல் அமைப்புகளும் மலையக அரசியற் கட்சிகளும் எதிர்த்தன. கிளை ஓடைகள் சிலவற்றின் நீரையும் திருப்பும் யோசனை ஆரம்பத் திட்டத்தில் இருந்தது. அது கைவிடப்பட்டது. சென்கிளேயரில் பகல் வேளையில் குறிப்பிட்ட அளவு நீரை விடவேண்டும் என்பது உடன்பாடாயிற்று. தலவாக்கலையில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் புதிய வீடுகளுக்குக் குடியமர்த்தப்பட்டன. விடை எழுதும்போது மாணவர்கள் நீர்வீழ்ச்சியை எழுதிவிட்டு இந்தக் குடும்பங்களை மறந்துவிடுகிறார்கள். சூழல் என்றால் மனிதர்களும் அதில் அடக்கம்.

இனிக் கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், விஞ்ஞானப் பாடத்தில் படித்ததுதான். அணைக்கும் மின்நிலையத்தின் நீர் வெளியேற்றத்துக்கும் இடையே உயர வேறுபாடு ஏறத்தாழ 490 மீற்றர். ஒரு கன மீற்றர் நீரின் திணிவு 1000 கிலோகிராம். அழுத்த சக்தி mgh எனக் கணித்தால் 1000 × 10 × 490 = 49 இலட்சம் யூல். ஒரு மின் அலகு என்பது 36 இலட்சம் யூல். சுரங்கத்திலும் சுழலியிலும் ஏற்படும் இழப்பைக் கழித்தால், ஒரு கன மீற்றர் நீர் ஒரு மின் அலகைச் சற்றுத் தாண்டித் தரும். அப்படியானால் சென்கிளேயரில் விழவிடும் ஒவ்வொரு கன மீற்றருக்கும் நாடு ஒரு மின் அலகை விட்டுக்கொடுக்கின்றது. நீர்வீழ்ச்சியை முழுவதுமாக விடு என்று கேட்பவரும், ஒரு துளியும் விடாதே என்று கேட்பவரும் இந்தக் கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

மறுபக்கக் கணக்கையும் செய்வோம். இந்நிலையத்தின் எதிர்பார்க்கப்பட்ட வருடாந்த உற்பத்தி 409 கிகாவாற்று மணி, அதாவது 40 கோடி 90 இலட்சம் அலகுகள். அதே மின்சாரத்தை நிலக்கரியில் எடுத்தால் அலகொன்றுக்கு ஏறத்தாழ ஒரு கிலோகிராம் காபனீரொட்சைட்டு வெளியாகும். வருடத்துக்கு 4 இலட்சம் தொன். நுரைச்சோலை நிலக்கரி நிலையத்தின் கொள்ளளவு 900 மெகாவாற்று என்பதையும் நினைவில் வையுங்கள்.

காபனீரொட்சைட்டு எங்கோ வானத்தில் போய்விடும், நமக்கென்ன என்று மலையகத்தில் யாரும் சொல்ல முடியாது. வளி 1 பாகை செல்சியசு சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். ஆகவே மழை பெய்யும்போது கடுமையாகப் பெய்யும் வாய்ப்பு அதிகம். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியில் நாட்டில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். நுவரெலியா, கண்டி, பதுளை மாவட்டங்களில் மண்சரிவுகள் பெரும் அழிவை உண்டாக்கின. "டித்வாவைக் காலநிலை மாற்றமே உண்டாக்கியது" என்று எழுதாதீர்கள், அது அளவுக்கு மீறிய கூற்று. "இத்தகைய கடும் மழையின் தீவிரத்தைப் புவி வெப்பமடைதல் கூட்டுகின்றது" என்று எழுதுங்கள். லயன் வீடுகள் இருப்பது சரிவுகளில் என்பதால், இந்த ஒரு வசனம் நமக்குப் பரீட்சைக்கு மட்டுமானதல்ல.

சிறிய நீர்மின் திட்டங்கள் பற்றி இரு வார்த்தை. பழைய தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில் ஓடை நீரால் சுழலி சுற்றி இயந்திரம் ஓடிய காலம் உண்டு, உங்கள் தாத்தாவிடம் கேட்டுப் பாருங்கள். இன்று 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட தனியார் சிறு நிலையங்கள் 200ஐத் தாண்டிவிட்டன. 'சிறியது' என்பதால் பாதிப்பும் சிறியது என்று முடிவுகட்டக் கூடாது. ஓடையொன்றில் தடுப்பு கட்டி நீரைக் குழாயில் எடுத்தால், இடைப்பட்ட பகுதி வறட்சிக் காலத்தில் வெறும் பாறையாகிவிடும். இலங்கையின் நன்னீர் நண்டினங்கள் ஏறத்தாழ 50. அநேகமாக எல்லாமே உலகில் வேறெங்கும் இல்லாதவை. சில இனங்கள் ஓரிரண்டு ஓடைகளில் மட்டுமே வாழ்கின்றன. கடலில் முட்டையிட்டு நன்னீரில் வளரும் விலாங்கு மீனுக்கு ஒவ்வொரு தடுப்பும் ஒரு பூட்டிய கதவு. சிங்கராஜ வன எல்லையில் இத்தகைய திட்டங்களுக்கு எதிர்ப்பு எழுந்தது இதனால்தான். ஒரே ஆற்றில் பத்துச் சிறு திட்டங்கள் வரும்போது, ஒவ்வொன்றையும் தனித்தனியே மதிப்பிட்டால் எல்லாமே 'பாதிப்புக் குறைவு' என்றே வரும். மொத்தப் பாதிப்பை யாரும் பார்ப்பதில்லை. சட்டத்தின் பெரிய ஓட்டை இதுவே என்பது என் கருத்து.

சட்டத்தின் பெயரைச் சரியாக எழுதுங்கள்: 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம். சுற்றாடல் தாக்க மதிப்பீடு 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் அதில் சேர்க்கப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு 30 நாட்கள் வைக்கப்பட வேண்டும். யாரும் கருத்து அனுப்பலாம். மதிப்பீடு பலவீனமானால் என்ன நடக்கும் என்பதற்கு உமா ஓயா ஓர் உதாரணம். 2014 இறுதியில் சுரங்கத்துக்குள் நீர் கசியத் தொடங்கியதும் பண்டாரவளைப் பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. 120 மெகாவாற்றுத் திட்டம் 2024 ஏப்ரலில் திறந்து வைக்கப்பட்டது. வற்றிய கிணற்றின் உரிமையாளருக்கு அது எப்படிப்பட்ட மின்சாரம்?

இனி மன்னார். மன்னார்த் தீவில் 30 சுழலிகளைக் கொண்ட 'தம்பபவனி' காற்றாலை 2020 டிசெம்பரில் திறக்கப்பட்டது. மன்னார், மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென்முனையில் இருப்பதால் பூநாரை முதலிய பறவைகள் ஆயிரக்கணக்கில் வருகின்றன. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. சுழலியின் அலகுகளில் மட்டுமன்றி மின்கம்பிகளிலும் பறவைகள் மோதும். இதைப் பலர் எழுதுவதில்லை. ஆனால் ஒரு வாய்ப்பும் உண்டு: மன்னாரில் காற்று மிகப் பலமாக வீசுவது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், வலசைப் பறவைகள் கூடுதலாகத் தங்குவதோ ஒக்டோபர் முதல் மார்ச் வரை. எனவே பறவைக் கூட்டம் கடக்கும் நேரங்களில் சில சுழலிகளை நிறுத்திவைத்தால் இழக்கும் மின்சாரம் ஒப்பீட்டளவில் அதிகமாகாது. கம்பிகளை நிலத்தடியில் கொண்டுசெல்வதும் உதவும்.

மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக் காற்றாலைகளை அமைக்க இருந்த இந்தியாவின் அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகியது. இதற்கெதிராகச் சூழல் அமைப்புகள் 2024இல் உயர் நீதிமன்றம் சென்றிருந்தன. எனவே 'பறவைகளுக்காக நீதிமன்றம் நிறுத்தியது' என எழுதுகிறார்கள். அது பிழை. விலகலுக்கு முன் நடந்தது, அலகொன்றின் விலையை மீளாய்வு செய்ய அரசாங்கம் எடுத்த முடிவு. அதே ஆண்டு ஓகஸ்டில் மன்னார் மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராக வீதியில் இறங்கினர். பறவைகளோடு வெள்ளமும் மீன்பிடியும் அவர்களின் கவலையாக இருந்தன.

கொள்கைப் பக்கத்தில் மூன்று விடயங்களே போதும். 2015 பாரிஸ் உடன்படிக்கை. அதன் கீழ் 2021இல் இலங்கை அளித்த உறுதி: 2030இல் மின்சாரத்தில் 70 சதவீதம் மீள்புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து. 2050இல் காபன் நடுநிலை. இந்த இலக்கை நீரினால் மட்டும் அடைய முடியாது. 2016-17 வறட்சியில் நீர்த்தேக்கங்கள் வற்றியபோது எரிபொருள் நிலையங்களே கைகொடுத்தன. எனவே சூரிய வலுவும் காற்றும் கட்டாயம் வேண்டும். கூரைமேல் பொருத்தும் சூரியத் தகட்டுக்குக் காடும் வேண்டாம், ஆறும் வேண்டாம். அதனால் இடம் தெரிவு செய்யும்போது முதலில் நிரம்ப வேண்டியவை கூரைகளும் ஏற்கெனவே சிதைந்த நிலங்களும் என்பேன். ஆனால் சூரியன் இரவில் இல்லை என்பதால், சேமிப்பு வசதியும் உறுதியான மின்வலையமைப்பும் இல்லாமல் அதுவும் தனித்து நிற்காது.

கட்டுரை எழுதும்போது நன்மை ஒரு பத்தி, தீமை ஒரு பத்தி, "இரண்டையும் சமநிலைப்படுத்த வேண்டும்" என்று ஒரு வரி என முடிக்காதீர்கள். ஓர் இடத்தைப் பெயர் சொல்லி எடுங்கள். எவ்வளவு மின்சாரம், எந்த உயிரினம், எந்த மக்கள், எந்த நிபந்தனை என்று கேளுங்கள். நிபந்தனை இல்லாத 'சமநிலை' வெறும் சொல்.

பயிற்சி வினாக்கள்

1. ஓடும் நீர் வகைத் திட்டத்துக்கும் நீர்த்தேக்கத் திட்டத்துக்கும் இடையிலான இரு வேறுபாடுகளை, கொத்மலை ஓயாவின் இரு நிலையங்களைக் கொண்டு விளக்குக. (04 புள்ளிகள்)

2. ஒரு நீர்வீழ்ச்சியில் நாளொன்றுக்கு 1 இலட்சம் கன மீற்றர் நீர் விடப்படுகின்றது. ஒரு கன மீற்றருக்கு 1.1 மின் அலகு எனக் கொண்டு, வருடத்துக்கு விட்டுக்கொடுக்கப்படும் மின்சாரத்தைக் கணிக்க. அதை விட்டுக்கொடுப்பது தகுமா? காரணம் தருக. (06 புள்ளிகள்)

3. உங்கள் தோட்டத்தின் வழியே ஓடும் ஓடையொன்றில் சிறு நீர்மின் திட்டம் வருவதாகக் கொள்க. சுற்றாடல் தாக்க மதிப்பீட்டுக்கு அனுப்ப, அவ்வோடையை நேரில் பார்த்து, மூன்று கருத்துகள் கொண்ட கடிதமொன்றை எழுதுக. (10 புள்ளிகள்)